அல்மாக்ரோவுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

தெற்குவீதி கேட்கிறார்:

அம்மா தஞ்சாவூரிலிருந்து பிரான்சின் துலூஸுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. பால்கனித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செப்டம்பர் கடைசியில் எனக்கு மாட்ரிட்டில் அலுவலக வேலை. அது வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். சனிக்கிழமை முழு நாளும் ஞாயிறு மதியம் வரையும் கையில் இருக்கிறது. இந்த முறை அம்மாவும் கூட வருகிறார்.

யாரைக் கேட்டாலும் தொலேதோ, செகோவியா என்கிறார்கள். தொலேதோ முழுக்க மேடு. அம்மாவின் முழங்கால் இருபது படிக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. அலுவலகத்தில் ஒருவரின் மேசை நாள்காட்டியில் ஒரு படம் பார்த்தேன். நீளமான சதுக்கம், இரண்டு பக்கமும் கல்தூண்கள், அவற்றின் மேல் வரிசை வரிசையாகப் பச்சைச் சன்னல்கள். கீழே "அல்மாக்ரோ" என்று போட்டிருந்தது. பழைய நாடகக் கொட்டகை ஒன்றும் அங்கே இருப்பதாகச் சொன்னார். இதற்காக ஓர் ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கலாமா, இல்லை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதானா?

இன்னொன்று சாப்பாடு. அம்மா இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடமாட்டார். போன வருடம் தெற்கே ஓர் ஊரில் "வெறும் காய்கறி" என்று உறுதி சொல்லிக் கொண்டுவந்து வைத்த சாலட்டின் அடியில் சூரை மீன் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்பெயின் என்றாலே அம்மா புளிக்காய்ச்சல் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். அந்த ஊர்ப் பழைய சாப்பாட்டில் அவருக்கென்று ஏதாவது இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மான்சா மாமி:

தாராளமாக அழைத்துப் போங்கள் தம்பி. முழங்கால் கவலையை இங்கேயே விட்டுவிடலாம். அல்மாக்ரோ இருக்கும் லா மான்சா என்பது சமவெளி. ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை. நான் பக்கத்தில் சியுதாத் ரியாலில் 11 வருடமாகக் குடித்தனம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அழைத்துப் போவது அல்மாக்ரோவுக்குத்தான். முப்பது தடவையாவது போயிருப்பேன். சலித்தது என்று சொல்ல மாட்டேன். ஜூலை மாத மத்தியானத்தில் மட்டும் போனதற்காக என்னையே திட்டிக்கொண்டது உண்டு.

மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சியுதாத் ரியால். அங்கிருந்து பஸ்ஸிலோ சின்ன ரயிலிலோ இருபத்து சொச்சம் கிலோமீட்டர். சின்ன ரயில்கள் நாளைக்குச் சிலதான், வார இறுதியில் இன்னும் குறைவு. திரும்பும் நேரத்தை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்தது பிளாசா மயோர். சதுக்கம் என்று பெயர்தானே தவிர அது சதுரம் இல்லை. நூறு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்கு அகலம். நம் கண்ணுக்கு அகலமான ஒரு சன்னதித் தெரு மாதிரித் தெரியும். நீண்ட பக்கங்கள் இரண்டிலும் கீழே கல்தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் நிழலான நடை, கடைகள். மேலே இரண்டு அடுக்குச் சன்னல், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, எல்லாம் ஒரே பச்சை.

முதல் நாலைந்து தடவை நான் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. வீட்டுக்குள் வெளிச்சம் வர இத்தனை சன்னல் எதற்கு? இவை வேடிக்கை பார்க்கக் கட்டியவை. ஒரு காலத்தில் கண்ணாடி இல்லாமல் திறந்த தாழ்வாரமாக இருந்தன. சதுக்கத்தில் காளைச் சண்டை நடக்கும், ஊர்வலம் போகும், திருவிழா நடக்கும். காசு உள்ளவர்கள் மேலே வரிசையாக நின்று பார்ப்பார்கள். கண்ணாடி போட்டது பின்னால்தான். நம் ஊரில் தேர் வரும்போது மாடியில் இடம் பிடிப்பது போலத்தான். இங்கே ஊரையே அதற்கென்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

இனி கொட்டகை. அதன் பெயர் கொர்ரால் தெ கொமேதியாஸ். அதே சதுக்கத்தில் ஒரு சாதாரணக் கதவு. தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். உள்ளே இருட்டான நடை, அதைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம். லெயோனார்தோ தெ ஓவியேதோ என்ற பாதிரியார் 1628ல் ஒரு சத்திரத்தின் முற்றத்தில் இதைக் கட்டினார். சுற்றிலும் மாடித் தாழ்வாரம், 54 மரத்தூண்கள், எல்லாவற்றிலும் செங்காவி. அந்தச் செம்மண்ணுக்குத்தான் ஸ்பானிய மொழியில் அல்மாக்ரே என்று பெயர். அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரையும் அதிலிருந்தே சொல்கிறார்கள். உங்கள் அம்மா உள்ளே நுழைந்ததும் கோயில் மதிலைத்தான் நினைப்பார், பாருங்கள்.

அங்கே பெண்களுக்குத் தனி இடம். மேடைக்கு நேர் எதிரே, மாடியில். அந்த இடத்தின் பெயர் கஸுவேலா. மண்சட்டி! ஆமாம், சமைக்கிற சட்டிதான். அக்காலத்து ஸ்பெயின் கொட்டகைகளில் பெண்களை நெருக்கி நெருக்கி உட்கார வைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் "நெருக்குபவன்". ஆண்கள் கீழே முற்றத்தில் நிற்பார்கள். பிரபுக்கள் தனி அறைகளில். விளக்கு கிடையாது, பகல் வெளிச்சத்தில் ஆட்டம், பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வீட்டுக்கு. உள்ளேயே ஒரு மூலையில் அலோஹா விற்கும் கடை. தண்ணீர், தேன், மசாலாப் பொருள் சேர்த்த பானம், நம் பானகத்துக்குத் தூரத்து உறவு. பகலில் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். மாடியேறச் சில படிகள் உண்டு, அம்மா கீழே பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டால் போதும். கீழே உட்கார்ந்தால்தான் அந்த முற்றம் முழுதாகத் தெரியும்.

18ஆம் நூற்றாண்டில் இதன் கொட்டகை வாழ்வு முடிந்து, பழையபடி சத்திரமாகிக் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் பழுது பார்க்கும்போது ஒரு பழைய சீட்டுக்கட்டு கிடைத்திருக்கிறது. அதை வைத்துத் தேடிப்போய்த்தான் சுவருக்குள் மேடை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1954ல் மறுபடி நாடகம் ஆடினார்கள், 1955ல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். 1978 முதல் வருடந்தோறும் ஜூலையில் பழைய நாடகங்களுக்கான விழா நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு உருவம் குலையாமல் நின்று இன்றும் நாடகம் நடக்கிற முற்றக் கொட்டகை ஸ்பெயினில் இது ஒன்றுதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், அடுப்பில் குக்கர் இருக்கிறது.

வரைபலகை:

மாமி குக்கரைப் பார்த்துவிட்டு வரட்டும், அதற்குள் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு மாட்ரிட் போனபோது அல்மாக்ரோவில் இரண்டு நாள் இருந்தேன்.

இந்த அளவு ஊருக்கு இவ்வளவு மாளிகைகள் எப்படி வந்தன என்று கேட்டுக்கொண்டு போனால்தான் ஊர் பிடிபடும். கதவு நிலைகளைப் பாருங்கள். தெருவுக்குத் தெரு கல்லில் குலச்சின்னம் பொறித்த வாசல்கள். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. விடை, பாதரசம். ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்வாவதற்கு 1519ல் ஜெர்மனியின் ஔக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கினார். கடனை அடைக்க, 1525ல் வீரத்துறவியர் சங்கங்களின் (போர்வீரர்களான துறவிகளின் அமைப்புகள்) நில வருமானத்தை அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அவற்றில் ஒன்றான கலத்ராவா சங்கத்துக்கு இந்த ஊர்தான் தலைமை இடம். குத்தகையோடு மேற்கே அல்மதேன் பாதரசச் சுரங்கமும் கைமாறியது. பிறகு அமெரிக்கக் கண்டத்து வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் தேவைப்பட்டபோது அதன் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ஃபுக்கர் கிடங்கு இன்றும் நிற்கிறது. தானியமும் பாதரசமும் அடுக்கிய இடம். முற்றத்தைச் சுற்றித் தூண், வளைவு, மேலே சுண்ண வேலைப்பாடு. கிடங்குக்கு இவ்வளவு அழகு தேவையா என்று கேட்கத் தோன்றும். கணக்கு எழுதியவர்களும் அங்கேயே இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் கண் உண்டு அல்லவா?

பச்சைச் சன்னல்களும் அந்த ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்த வடக்கத்திய வழக்கம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

மான்சா மாமி:

ஐயா, பாதரசம் சரி. சன்னல் கதையை மட்டும் நான் பாதிதான் நம்புகிறேன். ஜனவரியில் ஒரு நாள் அந்தச் சதுக்கத்தில் நின்று பாருங்கள். காற்று எலும்பைத் தேடி வரும். கண்ணாடி போட ஜெர்மனியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, குளிர் ஒன்று போதும்.

தம்பி, இப்போது உங்கள் அம்மாவின் சாப்பாடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாளிகையைப் பார்த்துவிட்டு மாளிகைச் சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பக்கத்தில் கட்டடமெல்லாம் காசு வைத்திருந்தவன் கட்டியது. சாப்பாடெல்லாம் ஆடு மேய்த்தவனும் வயலில் நின்றவனும் சமைத்தது. பழைய ரொட்டி, பூண்டு, மிளகாய், சீரகம், எண்ணெய், கிடைத்தால் பன்றிக் கொழுப்பு. அந்தக் "கிடைத்தால்" தான் உங்களுக்கு இடைஞ்சல். மிகாஸ் என்பது ரொட்டித் தூளைப் பூண்டோடு வதக்கிய உப்புமா மாதிரி ஒன்று, பார்க்க அப்பாவி, உள்ளே பன்றித் துண்டு. அதைத் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு மூன்று பதார்த்தம் உண்டு. பிஸ்தோ: தக்காளி, குடைமிளகாய், பெரும்பாலும் சுரைக்காய் வகைக் காய் ஒன்று, எண்ணெயில் சுண்டச் சுண்ட வதக்கியது. மேலே பொரித்த முட்டையை வைத்துக் கொண்டுவருவது இவர்கள் பழக்கம், முன்னாலேயே தடுத்துவிடுங்கள். அசாதியோ: சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, தக்காளி, பூண்டு, சீரகம், ஆலிவ் எண்ணெய். சுட்ட கத்தரிக்காய் கொத்சு செய்கிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சீரக வாசனை வந்ததும் அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

மூன்றாவதுதான் ஊரின் பெருமை. அல்மாக்ரோ கத்தரிக்காய் ஊறுகாய். எலுமிச்சை அளவில் பச்சைப் பிஞ்சு, காம்பும் முள்ளும் பாவாடையுமாக அப்படியே. வேறு ஊரில் போட்டு இந்தப் பெயர் வைக்க முடியாது. அல்மாக்ரோவும் சுற்றியுள்ள ஐந்து ஊர்களும் மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பு இருக்கிறது. ஜூலையிலிருந்து இலையுதிர்காலம் வரை கையால் பறிப்பார்கள், நீங்கள் போவது நல்ல பருவம். வேகவைத்து, பிறகு வினிகர், எண்ணெய், உப்பு, பூண்டு, சீரகம், சிவப்பு மிளகாய்ப் பொடி கலந்த நீரில் 4 முதல் 15 நாள் புளிக்க விடுவார்கள். ஒரு வகையில் வயிற்றைக் கீறி, சுட்ட மிளகாய்த் துண்டு ஒன்றை வைத்து, பெருஞ்சீரகத் தண்டை ஊசி மாதிரிக் குத்தி மூடுவார்கள். நம் எண்ணெய்க் கத்தரிக்காயைக் கீறுகிற மாதிரியேதான், புளிக்குப் பதில் வினிகர். பெருஞ்சீரகத் தண்டின் வாசனை உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கும்.

சாப்பிடும் முறை முக்கியம். கத்தி, முள்கரண்டி எல்லாம் வேண்டாம். காம்பைப் பிடித்துத் தூக்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, தட்டுக்கு மேலே கடிக்க வேண்டும். குனிய மறந்தால் சிவப்பு எண்ணெய் சட்டையில்தான் இறங்கும். ஊர்க்காரர்கள் பந்தி முழுக்க ஒரே கோணத்தில் குனிந்து நிற்பது தனிக் காட்சி. காம்பில் முள் இருக்கும், ஜாக்கிரதை.

கடையில் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இங்கே பலருக்கு "கார்னே" என்றால் இறைச்சித் துண்டம்தான்; பன்றித் தொடையின் சின்னத் துணுக்கு அந்தக் கணக்கில் வராது. இதை அப்படியே சொல்லுங்கள்: "நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன், நி உவேவோ." இறைச்சி இல்லை, ஹமோன் (உப்பிட்ட பன்றித் தொடை) இல்லை, மீன் இல்லை, சூரை இல்லை, முட்டை இல்லை. மீனும் சூரையும் தனித்தனியா என்று சிரிக்காதீர்கள்; உங்களுக்கே அனுபவம் இருக்கிறது.

பாலாடைக்கட்டிக்கு லா மான்சா உலகப் பிரசித்தம். மான்செகா ஆட்டின் பால். மேல்தோலில் பாய் பின்னியது போல் கோடு இருக்கும், முன்பு கோரைப் பின்னலில் இறுக்கி வைத்ததன் அடையாளம். ஆனால் வழக்கப்படி பாலைத் திரிப்பது ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால். அம்மாவுக்கு அது ஆகுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய வந்த நாளில் இரவு முழுக்கத் தூங்கவில்லை, அதற்குள் ஆறு வருடம் சாப்பிட்டிருந்தேன்.

நேரம்: மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன் கிடைக்காது, ராத்திரிக்கு ஒன்பது. நடுவில் கடையெல்லாம் சாத்தி ஊரே உறங்கும். மாலை ஏழு மணிக்குப் பசிக்கிற நம் வயிற்றுக்குப் பையில் ஏதாவது வையுங்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து வருவதில் ஒன்றும் குறைவில்லை.

உப்புக்கண்டம்:

சைவக்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? தெற்குவீதி, அம்மா உறங்கும் நேரத்தில் உங்களுக்கு என்று ஒன்று சொல்கிறேன். காச்சாஸ். குளிர்காலத்துச் சாப்பாடு, செப்டம்பரில் கிடைத்தால் அதிர்ஷ்டம். பன்றிக் கொழுப்பை உருக்கி, பூண்டு, மிளகாய்ப் பொடி, அதில் மாவு போட்டு வறுத்துத் தண்ணீர் விட்டுக் கிளறிய களி. வாணலியைத் தரையில் நடுவில் வைத்துச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் ரொட்டித் துண்டால் ஒரு வாய் அள்ளிவிட்டு ஓரடி பின்வாங்க வேண்டும், அடுத்தவர் வருவார். தட்டே கிடையாது.

அந்த மாவு எதன் மாவு என்று கேட்டுப் பாருங்கள். அல்மோர்தா. நம் ஊரில் கேசரிப் பருப்பு! துவரம் பருப்பில் கலப்படம் செய்கிறார்கள் என்று எங்கள் பாட்டி கடைக்காரரோடு சண்டை போடுவாரே, அதே பருப்பு. அதிகமாக, நாள் கணக்கில் அதையே தின்றால் கால் முடங்கிவிடும். இந்தியாவில் 1961ல் விற்பனைக்குத் தடை வந்தது. ஸ்பெயினிலும் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் வேறு எதுவும் இல்லாமல் இதையே தின்று பலர் கால் போய்க் கிடந்தார்கள். 1967ல் மனிதர் உண்ணத் தடை செய்தார்கள். லா மான்சாக்காரர்கள் அதற்காகக் களி கிண்டுவதை நிறுத்திவிடவில்லை. கால்நடைத் தீவனம் என்ற பெயரில் மாவு விற்றுக்கொண்டுதான் இருந்தது. 2018ல் எப்போதாவது சாப்பிடலாம் என்று தளர்த்தினார்கள். ஓவியர் கோயா, 1811-12ல் மாட்ரிட்டில் பஞ்சம் வந்தபோது இதே மாவுக் கஞ்சிக்குக் கூடிய கூட்டத்தை ஒரு செதுக்குப் படத்தில் வரைந்திருக்கிறார். தலைப்பு, "அல்மோர்தாவுக்கு நன்றி".

நான் ஒரே ஒரு முறை சாப்பிட்டேன். பிரமாதம். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மான்சா மாமி:

ஒரு கிண்ணத்துக்குக் கால் போகாது, உப்புக்கண்டம். பயமுறுத்தாதீர்கள்.

தம்பி, இரண்டு விட்டுப்போயிற்று. பழைய பிரான்சிஸ்கன் மடம் ஒன்று இப்போது அரசு ஹோட்டல். 1596ல் தொடங்கிய மடம். அங்கே தங்கக் காசு அதிகம், ஆனால் உள்ளே போய்க் காப்பி சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரு முற்றத்தைக் கடந்தால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. விட்டுப்போன இரண்டாவது, சரிகை மாதிரி நூல் பின்னல். ஊர்ப் பெண்கள் உருண்டை மெத்தையில் குண்டூசி குத்தி, டஜன் கணக்கில் சின்ன மரக்கட்டைகளைத் தட்டித் தட்டிப் பின்னுவார்கள். அதற்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. அம்மாவுக்குக் கைவேலை பிடிக்கும் என்றால் கட்டாயம் போங்கள், அந்தச் சத்தத்துக்காகவே.

தெற்குவீதி:

மாமி, ஐயா, எல்லாருக்கும் நன்றி. அறை பதிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். ஊறுகாய் போடும் அளவுக்குக் கத்தரிக்காய் எப்படி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது? கத்தரிக்காய் நம்முடையது என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.

வரைபலகை:

அம்மா சொல்வதில் தப்பில்லை. கத்தரியின் தாயகம் ஆசியாதான். அரபியர் கையில் ஸ்பெயினுக்குப் போனது. பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வரலாம்: ஸ்பானிய மொழியில் பெரென்ஹேனா, அரபியில் பாதின்ஜான், பாரசீகத்தில் பாதிங்கான், அதற்கும் பின்னால் ஒரு வடமொழிச் சொல். அந்த வடமொழிச் சொல்லுக்கு வேர் திராவிடம் என்று சொல்லும் மொழியியலாளர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது நம் வழுதுணங்காயை. 1615ல் வந்த செர்வாண்டெஸின் டான் கிஹோட்டே நாவலின் இரண்டாம் பாகத்தில் கிஹோட்டேயின் பணியாள் சாஞ்சோ, கதையை எழுதியதாக நாவல் சொல்லும் அரபியரின் பெயரான பெனென்ஹெலியைப் "பெரென்ஹேனா" என்று உளறிவிட்டு, மூர்களுக்கு (அக்கால ஸ்பெயின் முஸ்லிம்களுக்கு) கத்தரிக்காய் என்றால் உயிராயிற்றே என்பான். அம்மாவிடம் சொல்லுங்கள்.

தெற்குவீதி (அக்டோபர் முதல் வாரம்):

போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குச் சதுக்கத்தில் கால் வைத்தோம். அம்மா தூண் நிழலில் ஒரு நாற்காலியைப் பிடித்தார். அவ்வளவுதான், மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டார் நகராட்சிக் கட்டடத்திலிருந்து வெளியே வந்தார்கள். அரிசி வீசினார்கள். "அட்சதை" என்றார் அம்மா. அரிசியைப் புறாக்கள் பொறுக்கி முடிக்கும் வரை பார்த்தார். நான் நடுநடுவே எழுந்து போய் ஃபுக்கர் கிடங்கு, குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தியேகோ தெ அல்மாக்ரோவின் சிலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து விவரம் சொன்னேன். பெரு நாடு வரை போய்ச் சண்டையிட்டு அங்கேயே 1538ல் கொல்லப்பட்டவன், இந்த ஊர்க்காரன் என்றேன். "இந்த நிழலை விட்டு எதுக்குப் போனான்?" என்று கேட்டார்.

கொட்டகையில் மாமி சொன்னது நடந்தது. நடையைக் கடந்து முற்றத்துக்கு வந்ததும் செங்காவியைப் பார்த்துவிட்டு அம்மா செருப்பைக் கழற்றப் போனார். நான்தான் தடுத்தேன். பெண்கள் இருந்த மாடிக்கு "சட்டி" என்று பெயர் என்றதும் வெகுநேரம் சிரித்தார். படி ஏற மாட்டேன் என்றவர் பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி அந்தச் சட்டியில் போய் உட்கார்ந்தார். "இங்கேதான் நன்றாகத் தெரிகிறது" என்றார். உண்மை. மேடைக்கு நேர் எதிர்.

சாப்பாடு: ஐந்து "நி"யையும் மனப்பாடமாகச் சொன்னேன். பரிமாறிய அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அசாதியோ" என்று தானே முடிவு செய்துவிட்டார். அம்மா ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து வைத்தார். கத்தரிக்காயை முதலில் காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், பெருஞ்சீரகத் தண்டை உருவித் தனியாகக் கடித்துப் பார்த்தார். பிறகு மாமி சொன்ன கோணத்தில் குனிந்து ஒரே கடி. "உப்பு சரி. காரம் போதாது. இரண்டு நாள் வெயிலில் வைத்திருக்கலாம்." மூன்று சாப்பிட்டார்.

எதிர்பாராதது ஒன்று. ஞாயிறு காலை ஒரு மிட்டாய்க் கடைக் கண்ணாடியில் அச்சு முறுக்கு! பூ வடிவம், அதே ஓட்டை, மேலே சர்க்கரை. ஃபுளோரெஸ் என்கிறார்கள். முட்டை சேர்த்த மாவு என்பதால் அம்மா வாங்கவில்லை. ஆனால் அச்சைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார், நீளக் கம்பி, நுனியில் இரும்புப் பூ. அம்மா கையில் வாங்கி எடை பார்த்தார். "நம்முடையது இதைவிடக் கனம்."

மாமி, ஒரு கேள்வி. அம்மா குனிந்தார். நான் குனியவில்லை. வெள்ளைச் சட்டை, மூன்றாவது பொத்தானிலிருந்து கீழே வரை சிவப்பு எண்ணெய். இரண்டு முறை துவைத்தாயிற்று. போகவில்லை.

மான்சா மாமி:

படித்துப் படித்துச் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறை மேல் நேராக விட்டு அரை மணி ஊற விடுங்கள், வெந்நீர் வேண்டாம், அலசிவிட்டு ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மிளகாய்ப் பொடியின் சிவப்பு வெயிலுக்குப் பயப்படும். துலூஸில் அக்டோபரில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள். அப்படியென்றால் சட்டையை மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்துவிடுங்கள், தஞ்சாவூர் மொட்டை மாடியில் ஒரு மத்தியானம் போதும்.